விடுதிக் கழிவுநீருக்குச் சல்லியும் சம்பும்: உப்புவெளியில் செய்வித்த வேலை

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கரையில் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே மணலுக்குள்தான் இருக்கின்றன. மாரி தொடங்கியதும் நிலத்தடி நீர் கைக்கெட்டும் மட்டத்துக்கு ஏறிவிடும். அடி கட்டாத குழிக்குள் கிடப்பது அப்போது கிணற்றுப் பக்கம் நகர்வதைத் தடுக்க ஒன்றுமில்லை. கிருமி ஒருபுறம், கழிவிலிருந்து உண்டாகி நீரில் கரைந்து வரும் நைத்திரேற்று மறுபுறம். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது நேரடி ஆபத்து.

எங்களுடையது ஆறு அறை. வீட்டு ஆட்களையும் சேர்த்தால் சீசனில் பதினாறு பேருடைய கழிவுநீர். அதற்காகத் திருகோணமலையிலேயே வேலை செய்யும் ஒரு சிறு குழுவைக் கொண்டு தாவரச் சல்லிப் படுக்கை ஒன்று கட்டுவித்தோம்: செடி நட்ட சல்லிக்குள் கழிவுநீரை மெல்ல ஓடவிட்டுச் சுத்திகரிக்கும் அமைப்பு. ஒரு மாரியையும் ஒரு முழு சீசனையும் அது தாங்கிவிட்டது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வந்தவர்கள் செடியைப் பற்றிப் பேசவேயில்லை. முதலில் பழைய குழியின் மூடியைத் திறந்து கம்பு விட்டுப் பார்த்தார்கள். அடி இல்லை. "அக்கா, இதை மாத்தாம படுக்கை கட்டினா காசு வீண். கட்டியும் குழம்பும் சல்லிக்குள்ள போனா ரெண்டு வருசத்தில அடைச்சுப்போகும்" என்று பொறுப்பாக நின்ற தம்பி சொன்னார். இப்படி முகத்துக்கு நேரே சொல்கிறவரிடம்தான் வேலையைக் கொடுக்க வேண்டும். இரண்டு அறை கொண்ட, அடியும் சுவரும் பூசிய தாங்கி முதலில் எழும்பியது. குசினித் தண்ணீருக்குத் தனியே கொழுப்புப் பிடிக்கும் தொட்டி. சொதியும் கறியும் தேங்காய்ப்பாலில் வேகிற குசினி இது. அந்த எண்ணெய் சல்லியில் ஒட்டினால் பிறகு எதனாலும் கழற்ற முடியாது. மொத்தச் செலவில் பெரும் பங்கு இந்த இரண்டுக்கும் சல்லிக்கும்தான் போனது, செடிக்குப் போனது சொற்பம்.

படுக்கை 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். வெப்பமான இடங்களில் இந்த வகைக்குத் தலைக்கு ஏறக்குறைய 3 சதுர மீட்டர் வேண்டும் என்ற கணக்கில் வந்த அளவு. அடியில் தடித்த கறுப்பு விரிப்பு, அதன்மேல் 60 சென்றிமீட்டர் உயரத்துக்கு அரை இஞ்சிக் கருங்கல் சல்லி, ஏறக்குறைய பத்துக் கியூப். நீர் உள்ளே வரும் முனையிலும் வெளியேறும் முனையிலும் கைப்பிடி அளவுக் கற்கள். முதல் லொறியில் வந்த சல்லியில் தூசி அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்ததையும் கழுவித்தான் போட்டார்கள். சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கட்டு எழுப்பி, கூரைப் பீலித் தண்ணீரை வேறு பக்கம் திருப்பினார்கள். கார்த்திகை மழையில் வளவு முழுவதும் வெள்ளம் நின்றபோதும் மழைநீர் படுக்கைக்குள் பாயவில்லை.

நட்டது சம்பு, சதுப்பில் வளரும் உயரமான புல். ஓரத்தில் கல்வாழை. வருகிற வெள்ளைக்காரர்கள் கல்வாழைப் பூவைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் வேலையில் பெரும்பகுதி நடப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். நீர் வரும் முனையில் கையுறை போட்டுச் சல்லியைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன். கல்லெல்லாம் கறுத்து, பாசி பிடித்ததுபோல வழுக்கியது, கூழ்முட்டை நாற்றம். அந்த வழுக்கல்தான் நுண்ணுயிர்ப் படலம். ஒவ்வொரு கல்லையும் சுற்றிக் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் குடியிருந்து, கடந்து போகும் கழிவைத் தின்கின்றன. ஒரு சம்பு வேரை மெல்ல இழுத்துப் பார்த்தபோது அதைச் சுற்றி மட்டும் துருப்போல ஒரு செம்பழுப்புப் பூச்சு. சம்பின் தண்டுக்குள் காற்றறைகள் இருக்கின்றன. இலை வழியாக இறங்கும் காற்று வேர்நுனி வரை போய்ச் சிறிது வெளியே கசிகிறது. ஒட்சிசன் கிடைத்த இடத்தில் இரும்பு துருவேறியிருக்கிறது, கிடைக்காத இடத்தில் கறுத்துக் கிடக்கிறது. ஒட்சிசன் வேண்டிய பற்றீரியாவும் வேண்டாத பற்றீரியாவும் விரற்கடை இடைவெளியில் வாழ்வதை அந்த ஒரு வேரில் பார்த்துவிடலாம்.

நைத்திரேற்றைப் போக்க இவை இப்படி அருகருகே இருப்பது முக்கியம். சிறுநீரிலிருந்து வரும் அமோனியாவை ஒட்சிசன் உள்ள இடத்துப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. ஒட்சிசன் இல்லாத இடத்திலுள்ளவை அந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. தண்ணீர் இந்தச் சல்லிக்குள் ஐந்து நாள் போலத் தங்கித்தான் வெளியேறுகிறது. படுக்கை செய்வதெல்லாம் இவற்றுக்கு இடமும் நேரமும் கொடுப்பதுதான். புதுச் சரக்கும் அல்ல. ஜேர்மனியில் கேதே சைடல் என்ற விஞ்ஞானி 1950களிலேயே நீர்த்தாவரங்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆய்வைத் தொடங்கினார். நேபாளத்தில் துலிகேல் மருத்துவமனை 1997இல் இவ்வாறான படுக்கையைப் பயன்படுத்தத் தொடங்கியது.

குறைபாடும் சொல்ல வேண்டும். இப்படிக் கிடையாக நீர் ஓடும் படுக்கையில் ஒட்சிசன் போதாது. அதனால் அமோனியா முழுவதும் மாறாது. மேலிருந்து கீழே வடியும் வகை ஒன்றை முன்னால் சேர்த்தால் அதுவும் தீரும் என்று குழுவினரே சொன்னார்கள். எங்கள் தட்டை நிலத்தில் அதற்குச் சரிவு இல்லை, பம்பு வேண்டும். கரண்ட் போனால் நிற்கிற ஒன்றை நான் விரும்பவில்லை. பொசுபரசைச் சல்லி பிடித்துவைப்பதும் சில காலத்துக்குத்தான். வெளியே வரும் நீர் தெளிவாக இருக்கிறது, மணமில்லை. ஆனாலும் குடிப்பதற்கோ கீரைப் பாத்திக்கோ அல்ல. தென்னைக்கும் வாழைக்கும் அடியில், சருகுக்குக் கீழே விடுகிறோம்.

நுளம்புக்குப் பயந்து அயலவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். டெங்கு உள்ள ஊரில் அது நியாயமான பயம். ஆனால் நீர்மட்டம் சல்லியின் மேற்பரப்பிலிருந்து ஐந்து சென்றிமீட்டருக்கும் கூடுதலான ஆழத்திலேயே நிற்கிறது. நுளம்பு முட்டையிட வெளித் தண்ணீர் இல்லை. "மேல தண்ணி தெரிஞ்சா எங்கயோ அடைச்சிருக்கு எண்டு வையுங்கோ, உடனே எடுங்கோ" என்பது அந்தத் தம்பி சொல்லிக்கொடுத்த சோதனை. இதைவிட எளிதான சோதனை இருக்க முடியாது.

இனி அந்த ஒரு புள்ளி. செடியை மிக ஐதாக நட்டார்கள். சதுர மீட்டருக்குக் குறைந்தது நாலு செடி வேண்டும், நடுப்பகுதியில் இரண்டுகூட இல்லை. இடைவெளியெல்லாம் களை பிடித்துக்கொண்டது, நாங்களே பிடுங்கிச் சம்பு பிரித்து நட்டோம். வேலியை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. தெருமாடுகளுக்கு இளஞ்சம்பு என்றால் உயிர். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் முழங்கைக் குழாயை ஆழமான தொட்டிக்குள் வைத்துவிட்டார்கள், திருப்புவதற்குக் குப்புறப் படுக்க வேண்டியிருக்கிறது. பராமரிப்புக் குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும் தந்தார்கள். அறை துப்புரவு செய்யும் அக்காமார்தான் அதை முதலில் வாசிக்க வேண்டியவர்கள். குளோரின் கலவையை வாளி வாளியாக மலசலகூடத்தில் ஊற்றினால் பற்றீரியா செத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரிந்து என்ன பயன்? நான் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கொழுப்புத் தொட்டியைக் கிழமைக்கொருமுறை வழிப்பது, தாங்கியின் அடிக்கசடு மூன்றில் ஒரு பங்கைத் தொடுமுன் கசடு உறிஞ்சும் கலி பவுசரைக் கூப்பிடுவது, முற்றிய சம்பை வெட்டி அப்புறப்படுத்துவது, இவ்வளவும் அதில் இருக்கிறது.

செய்விக்கப் போகிறவர்கள் நடவு நெருக்கத்தையும் வேலியையும் தமிழ்க் குறிப்பையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வளவுக்காரருக்கும் இதே குழுவைத்தான் சொல்லியிருக்கிறேன். அவருடைய குழி இன்னும் அடி கட்டாதது, எங்கள் கிணற்றிலிருந்து மதிலுக்கு அந்தப் பக்கம்தான். மாரிக்கு முன் அளவெடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு நானும் கூட நிற்பேன்.