பெற்றோல் வரிசையில் முடிவெடுத்து வாங்கிய சைக்கிள்: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தச் சைக்கிளை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. 2022 ஜூன் 27 இரவு, சுன்னாகத்துப் பக்கம் ஒரு பெற்றோல் செட் வரிசையில் இரண்டாவது நாளாக மோட்டார் சைக்கிளோடு கிடந்தேன். முன்னால் நூற்றுச் சொச்சம் வண்டி, பின்னால் எத்தனை என்று எண்ணவில்லை. ஒருவர் போனைப் பார்த்துவிட்டு எழும்பி நின்று சொன்னார், நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தானாம் எண்ணெய் என்று. கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு தூசணம். பிறகு ஒவ்வொருவராக வண்டியைத் திருப்பத் தொடங்கினார்கள், திருப்பி என்ன, ஓட்டிப்போக எண்ணெய் இருந்தால் ஏன் அங்கே நிற்கப்போகிறோம், தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனோம்.

அடுத்த நாள் சைக்கிள் கடைக்குப் போனால் அங்கேயும் வரிசை.

26 அங்குலச் சில்லு, கியர் இல்லை, பின்னால் கரியர், முன்னால் கூடை, டைனமோ விளக்கு. உள்ளூரில் செய்தது. 65,000 ரூபா கொடுத்தேன். ஒரு வருடத்துக்கு முன் இதே சாமான் 25,000க்குள் போனது என்று கடைக்காரரே சொன்னார், சொல்லிவிட்டு ஒரு சதம் குறைக்கவில்லை. கம்பனியின் பெயரை இங்கே போடவில்லை. அந்த நேரம் கிடைத்ததை வாங்கினோமே தவிர தெரிவு செய்து வாங்கவில்லை, ஆகவே பெயர் சொல்லிக் குறை எழுதுவது நியாயமாகப் படவில்லை.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்குக் காங்கேசன்துறை வீதியால் போக ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர். முதல் கிழமை ஒரு மணித்தியாலம் எடுத்தது, ஒபிசில் போய் அரை மணித்தியாலம் விசிறிக்குக் கீழே இருந்தால்தான் மனிசனாக முடியும். இப்போது நாற்பது நிமிடம். எங்கள் ஊரில் ஏற்றம் என்று ஒன்று கிடையாது, காற்றுத்தான் எங்களுக்கு மலை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காலையில் தெற்கே வேலைக்குப் போகும்போது முகத்தில் அடிக்கும், மாரியில் வாடைக்காற்று வீடு திரும்பும்போது அடிக்கும். கியர் இல்லாத குறையை அப்போதுதான் உணர்வீர்கள்.

பிரேம் நல்லது. போர்க், ஹாண்டில் இரண்டும் இன்றுவரை அசையவில்லை. மற்றதெல்லாம் கதைதான். சீற் ஒரு மாதத்தில் நடுவால் வெடித்தது. பிளாஸ்ரிக் பெடல் ஐந்தாம் மாதம். ஒரு மூட்டை அரிசியைக் கரியரில் கட்டி வந்தபோது பின் சில்லில் மூன்று கம்பி போய்விட்டது, அது என் பிழையும்தான். டைனமோ மழையில் வழுக்கும், விளக்கு மின்மினிப்பூச்சி மாதிரி வந்து வந்து போகும். இரவில் ஓடுபவர்கள் தனியாக ஒரு பற்றரி விளக்கு பூட்டிக்கொள்ளுங்கள், அந்த வீதியில் பஸ்காரர்களுக்குச் சைக்கிள் கண்ணில் படுவதே பெரிய விசயம்.

சில்லுக் கம்பி மாற்றப் போனபோது இணுவிலில் மரத்துக்குக் கீழே கடை வைத்திருக்கும் அண்ணை சிரித்தார். "தம்பி, தொண்ணூறில உதைவிடப் பழசில நாலு பேரை ஏத்தினனாங்கள், ஒரு கம்பி போகேல்ல." அவர் சொல்வது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்குப் பதினொரு வயது. வடக்குக்கு அரசின் பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் பெற்றோல் காட்டி இயந்திரத்தை எழுப்பிவிட்டு அப்புறம் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். அந்தப் புகையின் மணம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. அந்த மண்ணெண்ணெயே யானை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சமாக விட்டு, சைக்கிள் வால்வுக் கட்டைக்குள்ளால் திரி இழுத்து, அந்த வெளிச்சத்தில்தான் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும், சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துவிடும்.

ஆக 2022 எங்களுக்குப் புதிதில்லை என்று பலர் எழுதினார்கள். எனக்கு அந்தப் பெருமை பிடிக்கவில்லை. அப்போது ஒருவன் கதவைப் பூட்டினான். இந்த முறை பூட்டியவர் என்று யாருமில்லை, நாடு முழுக்க எண்ணெயில் ஓடப் பழகிவிட்டது, எண்ணெயோ கப்பலில் டொலருக்குத்தான் வரும், டொலர் முடிந்தது. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையமே 2021 நவம்பரில் மசகு எண்ணெய் வாங்க வழியில்லாமல் மூடப்பட்டது. அப்போதே விளங்கியிருக்க வேண்டும், நாங்கள் விளங்கவில்லை. ஒக்டேன் 92 பெற்றோல் 2022 தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபா. மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூன் முடிய 470. கறுப்பில் 2,000க்கு மேலும் கேட்டார்கள், கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

மார்ச்சில் கண்டியிலும் கடவத்தையிலும் எண்ணெய்க்கு நின்ற இரண்டு வயதானவர்கள் வரிசையிலேயே செத்துப்போனார்கள். ஏப்ரல் 19இல் ரம்புக்கனையில் விலையேற்றத்துக்கு எதிராக வீதியில் இறங்கிய கூட்டத்தின் மேல் பொலிஸ் சுட்டதில் ஒருவர் போனார். இதெல்லாம் சைக்கிள் விமர்சனத்தில் எதற்கு என்று கேட்கலாம். 65,000 ரூபா அதிகம் என்று நான் புலம்பியபோது மனைவி இதைத்தான் சொன்னா, நீங்கள் திரும்பி வந்திட்டீங்கள்தானே என்று.

எண்ணெய்க்குச் செலவழித்தால் செட்டில் கொடுக்கும் காசு மட்டும்தான் செலவு என்று நினைத்திருந்தவன் நான், எங்கள் கிணற்றில் எண்ணெய் வரும் வரைக்கும். யாழ்ப்பாணத்துக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கும், அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். அந்தக் கல்லுக்கு வடிகட்டத் தெரியாது, மேலே ஊற்றுவது கீழே போகும். குடாநாட்டுக்கு நீண்ட காலம் மின்சாரம் கொடுத்ததே சுன்னாகத்தில் எண்ணெய் எரித்த இயந்திரங்கள்தான். 2014, 2015 வாக்கில் எங்கள் சுற்றாடலில் கிணறு கிணறாக எண்ணெய் வாடை என்ற கதை வந்தது. எங்கள் வீட்டில் வாளியை இறக்கி மேலே எடுத்தால் தண்ணீருக்கு மேல் மெல்லிய படலம் ஒன்று நின்றது. ஒரு அறிக்கை எண்ணெய் இருக்கிறது என்றது, இன்னொன்று பயமில்லை என்றது, இரண்டையும் வாசித்துவிட்டு நாங்கள் வீதியோரத் தாங்கியில் குடத்தோடு நின்றோம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் மின் நிலையத்தை நடத்திய கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அம்மா அதற்குப் பிறகும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டதில்லை. குளிப்பாட்டுவதற்குக்கூட, பேரனுக்கு மட்டும் வெளித் தண்ணீர்.

இதனால்தான் மின்சார ஸ்கூட்டர் வாங்கேன் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே தலையாட்ட வராது. நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. ஆனால் சார்ஜர் வயர் எங்கே போய் முடிகிறது என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

சைக்கிள் மட்டும் எண்ணெய்க்கு வெளியே நிற்கிறதா? அதுவும் இல்லை. ரயரின் கறுப்பே எண்ணெயை எரித்து எடுத்த கரி. ரியூப், பெடல், பிறேக் கட்டை, செயினுக்குப் பூசும் கிறீஸ் எல்லாம் அந்த வழிதான். சீற் உறையும் அதுதான், ஆனால் வெடித்துவிட்டதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எனக்குக் கையில் ஒரு மாற்று இருந்தது, 65,000 கொடுத்து வாங்கினேன். மயிலிட்டியில் தொழில் செய்யும் சொந்தக்காரர் ஒருவருக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. அவர் படகின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. மாதக்கணக்கில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, கடல் முன்னால் கிடக்க வலையை மடித்து வைத்துவிட்டு இருந்தார். 2022 ஓகஸ்டில் கிடைக்கத் தொடங்கியபோது 87 ரூபாவாக இருந்தது ஒரே இரவில் 340. மீன் படாத நாளில் அவருக்குக் கடன்தான் பட்டது.

அப்புறம் கியூ ஆர் வந்தது, போனில் குறியீட்டைக் காட்டி அளவாக எண்ணெய் வாங்கும் முறை. கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஐந்து லீற்றரில் ஒரு கிழமை ஓட்டோ ஓடிக் குடும்பம் பார்ப்பது எப்படி என்று கேட்கக்கூடாது. ஆனாலும் வரிசை குறைந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 செப்டெம்பரில் அந்த முறையை எடுத்துவிட்டார்கள். வீதியில் சைக்கிள்கள் அதற்கு முன்பே மெல்ல மெல்லக் குறைந்துவிட்டன. எங்கள் ஒபிசில் 2022இல் பதினாறு சைக்கிள் நின்றது, இப்போது இரண்டு. ஒன்று என்னுடையது, மற்றது காவலாளியுடையது, அவர் 2022க்கு முன்பும் சைக்கிளில்தான் வந்தார். 2025இல் பெற்றோல் 300 ரூபாவை ஒட்டி நின்றது, 177க்கு வாங்கியதை 300க்கு வாங்கிக்கொண்டு விலை குறைந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோசமாக இருந்தோம்.

நானும் யோக்கியன் இல்லை. கிழமையில் மூன்று நாள்தான் சைக்கிள், மற்ற நாட்களில் மோட்டார் சைக்கிள். மழை, வெயில், மகளின் ரியூசன் என்று காரணம் எப்போதும் கைவசம் உண்டு. இன்னொன்று, டாங்க் பாதிக்குக் கீழே இறங்கினாலே வண்டி செட்டுப் பக்கம் தானாகத் திரும்புகிறது. அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு வந்த வருத்தம் அது.

வாங்கலாமா என்றால், பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்குள் ஓடுபவர்கள் வாங்கலாம். சீற்றையும் பெடலையும் வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள், செயினுக்குக் கிழமைக்கு ஒருக்கால் எண்ணெய் விடுங்கள். பாரம் ஏற்றுபவர்கள் பின் சில்லுக்குத் தடித்த கம்பி போடச் சொல்லுங்கள். நெருக்கடி நேரத்து விலைக்கு ஐந்தில் இரண்டு, இப்போதைய விலைக்கு வாங்கினால் மூன்றரை.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெடியன் 30,000க்குக் கேட்டான், கொடுக்கவில்லை. முன் ரயரில் வெடிப்பு விழுந்துவிட்டது. மாற்றப் போனபோது, எண்ணெய் விலை ஏறினால் ரயரும் ஏறும் என்று இணுவில் அண்ணை சொன்னார். தேவையில்லாமல் பின்னுக்கும் சேர்த்து ஒன்று வாங்கி வந்து, கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.