நடக்காததை அளப்பது யார்? கார்பன் கிரெடிட்டின் அடிப்படைக் கோட்டுக்கு இரண்டு வழிகள்

வெப்பமூட்டும் வாயுவைக் குறைக்கும் திட்டத்துக்கு, குறைத்த ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு (அல்லது அதற்கு ஈடான வேறு வாயுவுக்கு) ஒன்று என்று தரப்படும், விற்கக்கூடிய சான்றுதான் கார்பன் கிரெடிட். அது ஒரு கழித்தல் கணக்கு. திட்டம் நடந்தபின் வெளியான வாயுவின் அளவு ஒன்று. அதை மீட்டர் வைத்து அளந்துவிடலாம். அந்தத் திட்டமே வராமல் போயிருந்தால் எவ்வளவு வெளியாகியிருக்கும் என்பது மற்றொன்று. அது நடக்கவே இல்லை என்பதால் எந்த மீட்டரிலும் பதியாது. இந்த இரண்டாவது எண்ணைத்தான் அடிப்படைக் கோடு என்கிறோம். அதைக் கணக்கிடும் விதிகளின் தொகுப்பு அடிப்படை வழிமுறை. 1997-ஆம் ஆண்டின் கியோட்டோ நெறிமுறையில் பிறந்து, வளரும் நாடுகளின் திட்டங்களிலிருந்து வளர்ந்த நாடுகள் கிரெடிட் வாங்க வழி செய்த தூய்மை வளர்ச்சி இயங்குமுறை, சுருக்கமாக சிடிஎம், இந்த எண்ணைப் பெற இரண்டு வழிகளை முயன்று பார்த்தது. திட்டம் போடுபவரே வழிமுறையை எழுதி ஒப்புதலுக்கு அனுப்புவது ஒன்று. ஒரு துறைக்கோ நாட்டுக்கோ பொதுவான எண்ணை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டு, வருகிறவர்கள் எல்லோரையும் அதையே எடுத்துக்கொள்ளச் சொல்வது மற்றொன்று.

முதல் வழிக்கான விதிகள் 2001-இல் மராகேஷ் மாநாட்டில் முடிவாயின. அடிப்படைக் கோட்டுக்கு மூன்று அணுகுமுறைகள் அங்கே அனுமதிக்கப்பட்டன: கடந்தகால உமிழ்வை அப்படியே எடுத்துக்கொள்வது, பொருளாதார நோக்கில் இலாபகரமான தொழில்நுட்பத்தின் உமிழ்வை எடுத்துக்கொள்வது, முந்தைய ஐந்தாண்டுகளில் ஒத்த சூழலில் தொடங்கப்பட்டு, செயல்திறனில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்த திட்டங்களின் சராசரியை எடுத்துக்கொள்வது. திட்டதாரர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, ஓர் உண்மையான திட்டத்தோடு சேர்த்து வழிமுறையை அனுப்புவார். பொதுமக்கள் கருத்துக்கும் நிபுணர் ஆய்வுக்கும் பிறகு வழிமுறைக் குழு அதற்கு ஏ, பி, சி என்று தரம் இடும்: ஏற்கலாம், திருத்திக் கொண்டு வரலாம், ஏற்க முடியாது. கடைசி முடிவு நிர்வாகக் குழுவுடையது.

இந்த வழியின் பலமும் பலவீனமும் முதல் வழிமுறையிலேயே தெரிந்துவிட்டன. ஏஎம்0001 என்ற எண் பெற்ற அது, தென்கொரியாவின் உல்சான் நகர ஆலை ஒன்றை முன்வைத்து 2003-இல் ஒப்புதல் பெற்றது. எச்சிஎஃப்சி-22 என்ற குளிர்பதன வாயுவைத் தயாரிக்கும்போது எச்எஃப்சி-23 என்ற வாயு கழிவாக வருகிறது. அதை எரித்துவிட்டால் கிரெடிட். எரிக்கச் சொல்லும் சட்டம் ஆலைகள் இருந்த நாடுகளில் இல்லாததால், திட்டம் இல்லாவிட்டால் முழுவதும் காற்றில்தான் விடப்பட்டிருக்கும் என்பது அடிப்படைக் கோடு. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் எச்சிஎஃப்சி-22 தயாரித்தால், வழிமுறை அனுமதித்த உச்சவரம்பான 3 விழுக்காட்டின்படி, 30 கிலோ கழிவு வாயு. அதன் வெப்பமூட்டும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 11,700 மடங்கு என்று கணக்கில் கொள்ளப்பட்டது. ஆக ஒரு டன் சரக்குக்கு 351 கிரெடிட். சரக்கைவிடக் கழிவுக்கு விலை அதிகமாகிவிட்டது. பழைய ஆலைகளுக்கு மட்டும், பழைய உற்பத்தி அளவுக்கு மட்டும் என்ற கட்டுப்பாடுகள் இருந்தும், கிரெடிட் வரம்பை ஒட்டியே சில ஆலைகள் உற்பத்தியைக் கூட்டிக் குறைப்பதாக 2010-இல் புகார் எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 மே மாதத்திலிருந்து இந்த வகைக் கிரெடிட்டுகளைத் தன் சந்தையில் ஏற்பதை நிறுத்தியது. கணக்கு யாரைப் பற்றியதோ அவரே அந்தக் கணக்கைப் பார்த்துத் தன் நடத்தையை மாற்றிக்கொள்ள முடியும் என்பதை எந்தச் சமன்பாடும் எதிர்பார்த்திருக்கவில்லை.

இந்த வழியில் இன்னொரு சங்கடமும் உண்டு. முதலில் வழிமுறை எழுதுபவர் ஆலோசகர் செலவு, காத்திருப்பு, நிராகரிப்பு எல்லாவற்றையும் தாங்குகிறார். ஒப்புதல் கிடைத்ததும் அடுத்து வருபவர் காசில்லாமல் அதையே எடுத்துக்கொள்கிறார். சரிபார்க்கும் நிறுவனத்துக்குக் கட்டணம் தருபவரும் திட்டதாரரே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் அலுவலக அறையில் யாரும் யோசித்திராத நுணுக்கங்கள் இந்த வழியில்தான் வெளிவந்தன. தனித்தனியாக வந்த விண்ணப்பங்களைத் தொகுத்து 2004-இல் உருவான ஏசிஎம்0002, மின்தொகுப்போடு இணைந்த காற்றாலை, சூரிய மின் திட்டங்களுக்கு உலகம் முழுவதும் பொதுவழியாயிற்று.

இந்த ஏசிஎம்0002-தான் இரண்டு வழிகளும் சந்திக்கும் இடம். நமக்கு நெருக்கமான இடமும்கூட. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் நூற்பாலைகள் தம் சொந்தத் தேவைக்கு நட்ட காற்றாலைகள் பலவும் இதன்கீழ் வந்தவை. ஒரு காற்றாலை ஆண்டுக்கு 30 லட்சம் யூனிட் தருவதாகக் கொள்வோம். அது எந்த மின்சாரத்தை விலக்குகிறது? இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களின் சராசரியையா, அண்மையில் கட்டப்பட்டவற்றின் சராசரியையா? வழிமுறை இரண்டையும் கலக்கச் சொல்கிறது. காற்றுக்கும் சூரியனுக்கும் 75:25, மற்றவற்றுக்கு 50:50. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று முதல் சராசரியை ஆயிரம் யூனிட்டுக்கு 1 டன், இரண்டாவதை 0.8 டன் என்று வைத்தால், முதல் விகிதத்தில் 2,850 கிரெடிட், இரண்டாவதில் 2,700. இறக்கை ஒரு சுற்றுகூட அதிகம் சுற்றாமல், விகிதம் மாறியதால் மட்டும் 150 கிரெடிட் வேறுபாடு.

தொடக்கத்தில் இந்தச் சராசரிகளை ஒவ்வொரு திட்டதாரரும் தானே கணக்கிட வேண்டியிருந்தது. 2006-இல் மத்திய மின்சார ஆணையம் நாட்டுக்கான தரவுத் தொகுப்பை வெளியிடத் தொடங்கியதும் அந்தத் தகராறு அடங்கியது. பெயரளவில் அது திட்டவாரி முறைதான். ஆனால் முக்கியமான எண் அரசிடமிருந்து வந்தது. தென்மண்டல மின்தொகுப்பு அப்போது தனித்து இயங்கியதால் தெற்குக்கு ஒரு காரணி (ஆயிரம் யூனிட்டுக்கு எத்தனை டன் என்ற எண்), மற்ற மண்டலங்களுக்கு வேறு காரணி. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்பாதை வழியாகத் தெற்கு நாட்டுத் தொகுப்போடு ஒத்திசைந்தபின், நாடு முழுவதற்கும் ஒரே எண். கர்நாடகத்தில் ஒரு மின்பாதை இணைந்தால் முப்பந்தல் காற்றாலையின் அடிப்படைக் கோடு நகர்கிறது. இப்படிப்பட்ட எண்ணைத் தனி ஒருவர் எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வழியான தரப்படுத்திய அடிப்படைக் கோட்டுக்கு 2010 கான்கூன் மாநாடு முறையான அனுமதி தந்தது. இங்கே விண்ணப்பிப்பது சிடிஎம் வேலைக்காக அந்தந்த நாட்டு அரசு நியமித்த அமைப்பு. ஒரு துறையின் உற்பத்தி முழுவதையும் உமிழ்வு மிகுந்த தொழில்நுட்பத்திலிருந்து வரிசைப்படுத்தி, மொத்தத்தில் 80 அல்லது 90 விழுக்காட்டை எட்டும் இடத்தில் கோடு போடுவார்கள். உகாண்டாவின் கரிமூட்டங்களுக்கும் கம்போடியாவின் அரிசி ஆலைகளுக்கும் இப்படிக் கோடுகள் வந்தன. 2013-இல் முதலில் ஒப்புதல் பெற்றது ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி நாடுகளுக்குப் பொதுவான மின்தொகுப்பின் காரணி. தனியாகக் கணக்கிட்டால் புனல்மின்சாரம் மிகுந்த சாம்பியாவுக்கோ காங்கோவுக்கோ காரணி பூஜ்யத்தை ஒட்டி நின்றிருக்கும். தென்னாப்பிரிக்க நாட்டின் நிலக்கரி மின்சாரத்தோடு ஒரே தொகுப்பாகப் பார்த்ததால் அங்கும் திட்டங்களுக்கு வழி பிறந்தது. சிறிய நாடுகளுக்கு இந்த வழி தந்த நன்மை உண்மையானது. ஆளுக்கொரு ஆலோசகரை வைக்க வசதியில்லாத ஆயிரம் சிறு திட்டங்களை அது உள்ளே கொண்டுவரும்.

ஆனால் இதன் பிழை வேறு வகை. பொதுக்கோட்டுக்குக் கீழே எப்படியும் இருந்திருக்கக்கூடிய ஆலைகள்தாம் முதலில் கிரெடிட் கேட்டு வரும். மேலே இருப்பவை வரா. சராசரி சரியாக இருந்தும் கிரெடிட் பெருகிவிடும். பொது எண்ணே தவறாக இருந்தால் அந்தத் தவறு நாடு முழுவதும் பெருகும். விறகைக் குறைவாக எரிக்கும் அடுப்பைத் தரும் திட்டங்களில், எடுக்கப்படும் விறகில் திரும்ப வளராத பங்குக்கே கிரெடிட். அந்தப் பங்கு எவ்வளவு என்பதற்குப் பல ஆப்பிரிக்க நாடுகளுக்கு 80, 90 விழுக்காட்டை ஒட்டிய பொது மதிப்புகள் ஏற்கப்பட்டன. பின்னர் 30 விழுக்காடு என்ற எச்சரிக்கையான மதிப்பு வந்தது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட கிரெடிட்டுகள் அப்படியே இருக்கின்றன. அடுப்புத் திட்டங்களை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, கிரெடிட்டுகள் உண்மைக் குறைப்பைவிட ஒன்பது மடங்குக்கும் மேலாக வழங்கப்பட்டதாகக் கணித்தது. அடுப்பை உண்மையில் பயன்படுத்தியவர்கள் குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம்.

என் பார்வையில், மின்தொகுப்புக் காரணி போன்ற பொது எண்களுக்கு இரண்டாவது வழியே சரி. மூன்றாண்டுக்கு ஒருமுறை தரவைப் புதுப்பிக்கும் விதியை மட்டும் தளர்த்தக் கூடாது. அடுப்பு விஷயத்தில் பொது மதிப்பு தாழ்வாக இருக்கட்டும். அதைவிட அதிகம் கேட்பவர் அளந்து காட்டட்டும். எச்எஃப்சி-23 போன்று உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளில் வரும் வாயுவுக்கு இரண்டு வழியும் வேண்டாம்; எரிக்கச் சொல்லும் சட்டம் போதும்.

பாரிஸ் உடன்படிக்கையின்கீழ் வந்த புதிய இயங்குமுறை இரண்டையும் கலந்திருக்கிறது. 2021-இல் கிளாஸ்கோ மாநாடு முடிவு செய்த மூன்று தேர்வுகளில், கடந்தகால உமிழ்வை அப்படியே எடுக்க இடமில்லை. கீழ்நோக்கித் திருத்தித்தான் எடுக்க வேண்டும். மற்ற இரண்டு, கிடைக்கக்கூடிய சிறந்த தொழில்நுட்பமும், சிறந்து செயல்படுபவர்களின் சராசரியை ஒட்டிய அளவுகோலும். ஒரு திட்டம் கிரெடிட் பெறும் காலம் சிடிஎம்-இல் ஏழாண்டாக மூன்று முறை நீண்டது; இப்போது ஐந்தாண்டாக மூன்று முறை. 2025-இல் ஏற்கப்பட்ட தரநிலை, கோட்டை ஆண்டுக்குக் குறைந்தது 1 விழுக்காடு இறக்கச் சொல்கிறது. 2004-இல் சிடிஎம்-இல் முதலில் பதிவானது பிரேசிலின் குப்பைமேட்டு மீத்தேன் திட்டம்; புதிய இயங்குமுறையின் முதல் வழிமுறையும் குப்பைமேட்டு மீத்தேனுக்கே. குழாயும் எரிவிளக்கும் மாறவில்லை. ஆனால் பத்தாவது ஆண்டில் அதே மீத்தேனுக்குக் கிடைக்கும் கிரெடிட், முதல் ஆண்டைவிடக் குறைவாக இருக்கும்.