மார்கழியா, தையா? கட்டுநாயக்காவா, பலாலியா? குளிர்நாடுகளிலிருந்து ஊருக்கு வருவோருக்கான ஒப்பீடு

ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பனி கொட்டத் தொடங்கியதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் தேடப்படுவது மலிவான ரிக்கெற். அது இரண்டாவது வேலையாக இருக்க வேண்டும். எந்தக் கிழமை வந்து இறங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் வருபவர் காணும் யாழ்ப்பாணம் வேறு, ஜனவரிக் கடைசியில் வருபவர் காண்பது வேறு.

மார்கழியும் தையும்

யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் பெய்கிறது. நவம்பர் கடைசி புயலுக்கும் பேர்போன காலம். 2024இல் ஃபெங்கல், 2025இல் டித்வா என இரண்டும் அந்த நாட்களில்தான் வந்தன. டித்வாவில் நாட்டின் பல பகுதிகளில் ரயில் பாதைகளும் பாலங்களும் சேதமாயின. ஆகவே டிசம்பர் முதல் பாதியில் ரிக்கெற் மலிவாகக் கிடைத்தால் அதற்கான காரணத்தையும் யோசியுங்கள்.

கிறிஸ்மஸ் வாரம் நிச்சயமில்லாதது. நான்கு நாள் வெயில் எறித்துவிட்டு இரண்டு நாள் விடாமல் கொட்டும். உடுப்புக் காயாது, ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும். குறிகட்டுவான் இறங்குதுறையில் காற்று எழும்பினால் நெடுந்தீவுப் படகு ஓடாது. டெங்கு கூடுகிற காலமும் இதுதான். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும். இரவு வலையை மட்டும் நம்பாமல், பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும்போது நீளக் கையும் நீளக் காலும் போட்டுவிடுங்கள்.

தை பிறந்தால் வானம் வெளிக்கத் தொடங்கும். ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகு மழை ஒதுங்கி, விடியப்புறம் பனியும் பகலில் இளவெயிலுமாக இருக்கும். காலையில் 22, 23 பாகை, மத்தியானம் 28, 29. முதியவர்களுக்கும் மூட்டுவலிக்காரருக்கும் இதைவிட நல்ல காலம் ஊரில் இல்லை. பனங்கிழங்கு கிண்டுவதும் தை, மாசியில். கறுத்தக்கொழும்பான் மாம்பழ நினைப்போடு வருபவர்கள் இரண்டு மாதத்திலும் ஏமாறுவார்கள். அது வைகாசி, ஆனிப் பழம்.

வெயிலை மட்டும் பார்த்தால் தைதான். ஆனால் சொந்தங்களையும் பார்க்கத்தானே வருகிறீர்கள்? மார்கழியில் கல்யாணம், குடிபுகுதல் எதுவும் வைக்கமாட்டார்கள். தை பிறந்ததும் அவை வரிசையில் வரும், 14 அல்லது 15ஆம் திகதி பொங்கலும் வரும். அதேநேரம் பெரியப்பா பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் நிற்பது மார்கழி விடுமுறையில்தான். தையில் பள்ளிக்கூடம், அது விட்டால் ரியூசன் என்று போய்விடுவார்கள். வெளிநாட்டுப் பிள்ளை அம்மம்மாவோடு ரீவி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மச்சான், மச்சாளோடு விளையாடித்தான் பிள்ளை ஊரோடு ஒட்டும். திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் கேட்டு எழும்புவதும், குருநகர், பாசையூர்ப் பக்கம் பாலன் பிறப்பு வழிபாடும் மார்கழிக்கே உரியவை.

எனவே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் டிசம்பர் 20க்குப் பிறகு. ஓய்வுபெற்றவர்கள், பள்ளி தொடங்காத குழந்தைகளோடு வருபவர்கள் ஜனவரி 10க்குப் பிறகு. பிரான்ஸில் இருப்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. அங்கே மாசி, பங்குனியை ஒட்டி இரண்டு கிழமைக் குளிர்கால விடுமுறை வருகிறது. அதில் வருவதே மிகச் சிறந்தது. இங்கிலாந்தின் பெப்ரவரி விடுமுறையும் நோர்வேயின் குளிர்கால விடுமுறையும் ஒரே கிழமைதான், ஊர்ப் பயணத்துக்குக் காணாது.

இரண்டு கிழமையில் கையில் மிஞ்சுவது

கனடாக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சனி இரவு ரொறன்ரோவில் ஏறினால், வளைகுடாவில் மாறி, திங்கள் காலை கட்டுநாயக்கா விமான நிலையம். வீடு சேரப் பின்னேரமாகும். நேர வித்தியாசம் பத்தரை மணித்தியாலம். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைகள் பசிக்குது என்று எழும்புவார்கள், பகலில் விருந்தாளி வந்து இருக்கும்போது தூங்கி விழுவார்கள். போக்குவரத்தும் உறக்கம் பிடிபடுவதும் சேர்ந்து பதினாறு நாளில் ஆறேழு நாளை விழுங்கிவிடும். லண்டனுக்கு வித்தியாசம் ஐந்தரை, பாரிஸ், ஒஸ்லோவுக்கு நாலரை. லண்டனிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானமும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து இரண்டு கிழமைக்கு வருவது நியாயம். கனடாவிலிருந்து வருபவர்கள் பள்ளியில் கதைத்து மூன்றாவது கிழமை ஒன்றைச் சேர்ப்பது நல்லது. முடியாவிட்டால் கண்டி, காலி என்று சுற்றாமல் நேரே வீட்டுக்கு வந்து இருங்கள்.

வந்து சேரும் வழிகள்

கட்டுநாயக்காவிலிருந்து வான் பிடித்து வருவதே குடும்பத்துக்குச் சரி. கொழும்புக்குள் போகத் தேவையில்லை. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக வந்தால் ஆறேழு மணித்தியாலம். 23 கிலோப் பெட்டிகள் எட்டும் வாசலில் இறங்கும், வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்கலாம். இதில் பிழை வரக்கூடியது ஒரே இடம்: சாரதியின் நித்திரை. அன்றிரவே யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்து, விமான நிலையத்தில் காத்து நின்று, உடனே திரும்பி ஓடும் சாரதி பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விழித்திருக்கிறார். முதல் நாளே வந்து நீர்கொழும்பில் படுக்கச் சொல்லி, அந்த அறைக்காசை நீங்களே கொடுங்கள். விமானம் நள்ளிரவில் இறங்கினால் நீங்களும் அங்கேயே படுத்து விடிந்த பின் புறப்படுங்கள். மழைக்காலத்து இரவில் ஏ9 வீதியின் தாரில் மாடுகள் படுத்திருக்கும், வெளிச்சம் பட்டாலும் எழும்பாது.

ரயில் மலிவு, ஆடாமல் அசையாமல் வரலாம் என்று சொல்வதற்கில்லை, ஆனாலும் முதியவர்களுக்கு வானைவிடச் சுகம். எழும்பி நடக்கலாம், கழிப்பறை உண்டு. ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன் திறக்கிறது. பண்டிகைக் காலத்தில் திறந்த அன்றே தீர்ந்துவிடுவதும் உண்டு. பெட்டி நிறைய இருந்தால் ரயிலை விடுங்கள். வெள்ளவத்தையில் இரவு ஏறி விடியப்புறம் இறங்கும் சொகுசு பஸ் தனியாக வரும் இளையவருக்குப் போதும்.

சென்னை வழியாக யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம்? 2019இல் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்ட சேவை. பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலத்தை அடுத்துத்தான், இறங்கி அரை மணியில் வீட்டில் இருக்கலாம். ஆனால் இரண்டு ரிக்கெற் தனித்தனியாக எடுத்தால் சென்னையில் குடிவரவு தாண்டிப் பெட்டியை எடுத்து மீண்டும் கொடுக்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். சின்ன விமானத்தில் பெட்டிக்கு விடும் நிறையும் குறைவு, மேலதிக கிலோவுக்குக் காசு. முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது ரிக்கெற் போனதுதான். சென்னையில் உறவினரோடு இரண்டு நாள் தங்கும் எண்ணம் இருந்தால் மட்டுமே இது பொருந்தும். நாகபட்டினம், காங்கேசன்துறைக் கப்பல் மாரிக் கடலில் நிறுத்தப்படுவது வழக்கம், மார்கழித் திட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

ஊருக்கு வரக்கூடாதவர்கள்

அகதி அந்தஸ்தோடு வாழ்பவர்களுக்கு யாழ்ப்பாணமும் சென்னையும் சமமான தெரிவுகள் அல்ல. அகதிப் பயண ஆவணம் சொந்த நாட்டுக்குச் செல்லாது. கனடாவில் 2012 டிசம்பர் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் பெற்றவர் இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்து ஊருக்கு வந்துபோனால் வதிவிடத்தையே இழக்க நேரலாம். குடியுரிமை கிடைக்கும்வரை பொறுங்கள். அம்மா அப்பாவைப் பலாலியிலிருந்து சென்னைக்கு அழைத்துச் சந்திப்பதுதான் அவர்களுக்கு வழி. பெற்றோருக்கு இந்திய விசா வேண்டும். யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத்தூதரகம் இருப்பதால் அதற்காகக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை.

பூட்டிய வீடா, வாடகை வீடா?

சொந்த வீடு பூட்டியே கிடந்தால், வருவதற்கு இரண்டு கிழமை முன்னர் ஆள் விட்டுத் திறப்பியுங்கள். முதலில் பழுதாவது தண்ணீர் மோட்டர். கிணற்றுக்குள் குழாயின் அடி நுனியில் இருக்கும் கால்வால்வு காய்ந்து கசிந்தால் குழாயில் நின்ற தண்ணீர் இறங்கிவிடும். மோட்டர் ஓடும், தண்ணீர் இழுக்காது, கொஞ்ச நேரத்தில் சீல் கருகிவிடும். சுவிச்சைப் போடுமுன் மேல் மூடியைக் கழற்றித் தண்ணீர் நிரப்பிப் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கினால் வால்வை மாற்றுங்கள். பிறகு மேல்தாங்கியைக் கழுவி, பீலியில் அடைந்த இலையை எடுத்து, வளவில் கிடக்கும் சிரட்டை, ரயர் எல்லாவற்றையும் அகற்றுங்கள். இதற்கு ஆள் கிடைக்காவிட்டால் பத்து நாளுக்கு வாடகை வீடே நிம்மதி.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. வலிகாமத்துத் தோட்டங்களின் உரமும் மலகூடக் குழிகளும் சுண்ணாம்புக்கல் வழியாகக் கிணற்றில் கலப்பதால் இங்கே அது பல இடங்களில் அதிகம். கொதிக்கக் கொதிக்கச் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைக்கப் போத்தல் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோதான் பாவிக்க வேண்டும், சொந்தக் கிணறு எவ்வளவு நல்லதென்று அப்பம்மா சொன்னாலும்.