பிரவுன்ஸ் அட்டைகளுக்காக வாங்கலாம்: ஒரு பேஸ்பால் வினாடி வினாப் பெட்டி

மூன்றரை நட்சத்திரம். அதில் இரண்டு செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்குச் சேர வேண்டியது. பெட்டியைத் தயாரித்தவர்களுக்கு மிச்சம் ஒன்றரைதான்.

பொருள் இதுதான்: இரண்டு சீட்டுக்கட்டு உயரத்தில் ஓர் அட்டைப் பெட்டி, உள்ளே பேஸ்பால் கேள்விகள். 1940 முதல் 1960 வரை ஆடியவர்கள் மட்டும். டெட் வில்லியம்ஸ், ஜோ டிமாஜியோ, மிக்கி மேன்டில் மாதிரி ஊருக்கே தெரிந்த பெயர் எதுவும் விடையாக வராது என்று மூடியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் 22 டாலரை எடுத்து நீட்டினேன். கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. குறை நிறைய வரும். சின்னக் கம்பெனி மாதிரி தெரிகிறது, பிழைத்துப் போகட்டும்.

நான் நியூ ஜெர்சியில் குடியிருக்கும் கிரிக்கெட் பைத்தியம். ஸ்கோர்கார்டு என்று ஒன்று இருந்தால் எந்த ஆட்டமும் எனக்குப் பிடித்துவிடும். பேஸ்பால் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் நாலு பேர். கணக்குப் பிரிவில் ஒருவர் பக்கத்து ஊரான பேட்டர்சனில் பிறந்து வளர்ந்தவர், ஓய்வு பெற நாள் பார்த்துக்கொண்டிருப்பவர். அவர்தான் எங்களுக்கு நடுவர். விடை தப்பு என்று அவர் சொன்னால் தப்பு, அட்டையில் என்ன போட்டிருந்தாலும் சரி.

முதலில் கேள்விகள். ஒருவர் மட்டும் போட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு கை தெரிகிறது. ஒரு கை கதை தெரிந்த கை. உதாரணத்துக்கு இந்தக் கேள்வி: ஒரே சீசனில் இரண்டு நோ-ஹிட்டர் வீசியும் மொத்தம் ஐந்தே ஆட்டம் ஜெயித்த பிட்சர் யார்? பிட்சர் என்றால் பந்து வீசுபவர்; பேஸ்பாலில் வெற்றி தோல்வியை அவர் பெயரிலும் எழுதுவார்கள். நோ-ஹிட்டர் என்றால் ஆட்டம் முடியும்வரை எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாமல் வீசுவது. ஃபீல்டரின் பிழை இல்லாமலே அடித்தவர் ஓடி பேஸைச் சேர்ந்தால் அது ஹிட். பல நல்ல பிட்சர்களுக்கு வாழ்நாளில் ஒன்றுகூட வாய்க்காது. விடை: வர்ஜில் டிரக்ஸ், டெட்ராய்ட் டைகர்ஸ், 1952. ஐந்து வெற்றி, 19 தோல்வி. அந்த வருஷம் டெட்ராய்ட் 104 ஆட்டம் தோற்றுக் கடைசி இடத்தில் கிடந்தது. மனிதர் வீசினால் மட்டும் என்ன, ரன் எடுக்க ஆள் வேண்டாமா? இரண்டு நோ-ஹிட்டரையுமே 1-0 என்றுதான் ஜெயித்தார். வாஷிங்டனுக்கு எதிரான முதலாவதில் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் சக ஆட்டக்காரர் விக் வெர்ட்ஸ் ஒரு ஹோம் ரன் (அடித்தவரே எல்லா பேஸையும் சுற்றி வந்து ரன் எடுக்கும் அடி) அடித்துக் காப்பாற்றினார்.

இரண்டாவதில் நடந்ததுதான் மேசையில் அரை மணி நேரம் ஓடியது. ஆகஸ்ட் 25, யாங்கீ ஸ்டேடியம். எதிரணியின் ஃபில் ரிசூட்டோ தரையோடு தட்டிய பந்து டெட்ராய்ட் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) ஜானி பெஸ்கியிடம் போகிறது. பெஸ்கி உடனே எடுத்து எறியவில்லை, ரிசூட்டோ தப்பிவிட்டார். ஸ்கோரர் ஜான் டிரெபிங்கர் முதலில் அதை ஃபீல்டரின் பிழை என்று எழுதினார். பிறகு ஹிட் என்று மாற்றினார். அதோடு நோ-ஹிட்டர் போயிற்று. மனசு கேட்கவில்லை போல. ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டுக்குப் போன் போட்டு பெஸ்கியையே கேட்டார். பந்து கையுறையில் சிக்கிக்கொண்டது, என் பிழைதான் என்று பெஸ்கி சொல்ல, மறுபடியும் பிழை என்று மாற்றினார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இத்தனையும். ஆடியவனைக் கூப்பிட்டு விசாரித்து ஸ்கோரைத் திருத்திய அந்தக் காலத்து நியாயம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அட்டையில் இதில் ஒரு சொல் கிடையாது. ‘வர்ஜில் டிரக்ஸ்’, முற்றுப்புள்ளி. கதையெல்லாம் நடுவர் உபயம்.

இதுதான் என் பெரிய குறை. இந்த மாதிரி ஆட்டக்காரர்களைப் பற்றிக் கேட்கும்போது பெயர் விடையே ஆகாது. பெயர் தெரியாதவர் என்பதால்தானே அவரைப் பற்றிக் கேட்கிறாய்? பெயரை மட்டும் சொன்னால் கேட்டவன் ‘ஓகோ’ என்று சோற்றைப் பிசையப் போய்விடுகிறான்.

பிரவுன்ஸ் பகுதியில் மட்டும் விடைக்குக் கீழே இரண்டு மூன்று வரி சேர்த்திருக்கிறார்கள். யாரோ செயின்ட் லூயிஸ்காரர் எழுதியிருக்க வேண்டும். தோற்பதற்கென்றே பிறந்த அணி அது. மேஜர் லீக் என்ற மேல்மட்டத்தில் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக். பிரவுன்ஸ் 1944-இல் ஒரே ஒரு முறை அமெரிக்கன் லீக்கை ஜெயித்து, இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் வேர்ல்டு சீரிஸில் அதே மைதானத்தைப் பங்கிட்டுக்கொண்ட கார்டினல்ஸிடம் தோற்றது. 1954-இல் பால்டிமோருக்குக் குடிபெயர்ந்து ஓரியோல்ஸ் ஆனது. ஆனால் ஆட்கள்! நெட் கார்வர் என்ற பிட்சர் 1951-இல் 20 ஆட்டம் ஜெயித்தார். அணி மொத்தமே ஜெயித்தது 52, தோற்றது 102. அந்த வருஷம் அவர் மட்டையிலும் .305 சராசரி (பத்து முறைக்கு மூன்று ஹிட் என்ற கணக்கு) வைத்திருந்தார், தன் ஆட்டத்துக்குத் தானே ரன் எடுத்தால்தான் உண்டு என்பதுபோல. போபோ ஹாலோமன் 1953 மே 6 அன்று மேஜர் லீக்கில் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து தான் வீசிய முதல் ஆட்டத்திலேயே நோ-ஹிட்டர் வீசினார். அதற்குப் பிறகு ஓர் ஆட்டத்தைக்கூட அவர் முழுதாக வீசி முடிக்கவில்லை. சீசன் முடியும் முன்பே மேஜர் லீக்கை விட்டே போய்விட்டார்.

பீட் கிரே அட்டைதான் பெட்டியிலேயே சிறந்தது. சிறுவனாக இருந்தபோது விபத்தில் வலது கையை இழந்தவர். போர்க்காலத்தில், 1945-இல், பிரவுன்ஸுக்கு அவுட்ஃபீல்டராக (மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்கும் ஃபீல்டர்) 77 ஆட்டம் ஆடினார். ஒற்றைக் கையால் பிடித்த பந்தை எப்படித் திருப்பி எறிவது? அட்டை அதைத்தான் கேட்கிறது. கையுறை மாட்டிய இடக்கையால் பந்தைப் பிடிப்பார். கையுறையை வலது தோளுக்குக் கீழே மிச்சமிருந்த கைத்துண்டில் இடுக்கிக்கொண்டு உருவுவார். பந்து மார்பின் மேல் உருண்டு வரும். அதே இடக்கையால் அள்ளி எறிந்துவிடுவார். நாங்கள் ஆளுக்கு ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துச் செய்து பார்த்தோம். ஒருவராலும் முடியவில்லை, பழம் மேசைக்கு அடியில். மட்டையில் .218 சராசரி, வீச ஆரம்பித்த மட்டையை ஒற்றைக் கையால் நடுவில் நிறுத்த முடியாது என்று கண்டுகொண்ட பிட்சர்கள் மெதுவான பந்தாகப் போட்டே அவரை முடக்கினார்கள்.

அதே 1945-இன் பெர்ட் ஷெப்பர்டும் இருக்கிறார்; ஜெர்மனியில் விமானம் வீழ்த்தப்பட்டு ஒரு கால் போன பைலட். ஆகஸ்ட் 4 அன்று வாஷிங்டன் செனட்டர்ஸுக்காகச் செயற்கைக் காலோடு ஐந்தேகால் இன்னிங்ஸுக்கும் சற்று மேலே வீசி ஒரே ஒரு ரன்தான் விட்டார். அதன் பிறகு மேஜர் லீக்கில் அவருக்கு இன்னோர் ஆட்டம் கிடைக்கவில்லை. இவருக்குப் பிரவுன்ஸ் யோகம் இல்லை, ஆகவே அட்டையில் பெயர் மட்டும்.

இப்போது இரண்டாவது கை. கறுப்பின ஆட்டக்காரர்கள் பற்றிய அட்டைகளை எழுதியவருக்கு ‘முதல்’, ‘இரண்டாவது’ தவிர வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. ‘ஜாக்கி ராபின்சனுக்கு அடுத்து வந்தவர் யார்?’ 1947-இல் மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்து நுழைந்த கறுப்பர் ராபின்சன். விடை: லேரி டோபி. இதை வாசித்ததும் எங்கள் நடுவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார். டோபி பேட்டர்சனில் படித்து வளர்ந்தவர், அங்கே அவர் பெயர் சாமி பெயர் மாதிரி. ராபின்சனுக்கு 1946 முழுக்க மான்ட்ரியலில் கீழ்மட்டமான மைனர் லீக் ஆடிப் பழக அவகாசம் இருந்தது. டோபிக்கு? 1947 ஜூலை 4 அன்று, கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீக்கின் நியூவார்க் ஈகிள்ஸுக்கு ஆடுகிறார், ராத்திரி ரயில், மறுநாள் சிகாகோவில் கிளீவ்லண்ட் சீருடையில் மட்டையோடு நிற்கிறார். ராபின்சன் களமிறங்கி பதினோரு வாரம்தான் ஆகியிருந்தது. ராபின்சன் ஆடியது நேஷனல் லீக். அன்று அமெரிக்கன் லீக் முழுவதிலும் டோபி ஒருவர்தான் கறுப்பர். 1948 வேர்ல்டு சீரிஸின் நாலாவது ஆட்டத்தை வென்று கொடுத்தது அவருடைய ஹோம் ரன். 1952-லும் 1954-லும் லீக்கிலேயே அதிக ஹோம் ரன் அவருடையது, இரண்டு முறையும் 32. பேஸ்பாலின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் சேர்க்க 1998 வரை காக்க வைத்தார்கள். இத்தனைக்கும் சேர்த்து ‘அடுத்து வந்தவர்’.

வில்லர்ட் பிரவுன் அட்டையும் அப்படியே. 1947 ஆகஸ்டில் அமெரிக்கன் லீக்கில் ஹோம் ரன் அடித்த முதல் கறுப்பர் யார் என்று கேட்டுவிட்டுப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறது. அன்று அவர் இரவல் வாங்கிப் போன மட்டை சக ஆட்டக்காரர் ஜெஃப் ஹீத்துடையது. ஹோம் ரன் அடித்து டக்அவுட்டுக்குத் திரும்பி வந்தபோது, ஹீத் அந்த மட்டையைச் சுவரில் அடித்து உடைத்தார். கேட்க வேண்டிய கேள்வி அது. இத்தனைக்கும் அது பிரவுன்ஸ் ஆட்டம்தான். செயின்ட் லூயிஸ்காரர் கண்ணில் இந்த அட்டை படவே இல்லை போலும்.

சாம் ஜெத்ரோவைக் காணவே காணோம். முப்பது வயதைத் தாண்டி 1950-இல் பாஸ்டன் பிரேவ்ஸில் நுழைந்து, ஆண்டின் சிறந்த புதுமுகம் விருது வாங்கி, அந்த வருஷமும் அடுத்த வருஷமும் நேஷனல் லீக்கில் அதிகமாக பேஸ் திருடியவர் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதுதான் திருட்டு). மேஜர் லீக்கில் ஓய்வூதியத்துக்குத் தேவையான காலம் நிரம்பவில்லை என்று விட்டுவிட்டார்கள். வயதான காலத்தில் கோர்ட்டுக்குப் போனார், வழக்கு நிற்கவில்லை. ஆனாலும் 1997-இல் அவரைப் போன்ற பழைய நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களுக்கு வருஷா வருஷம் ஒரு தொகை தர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. மறக்கப்பட்டவர்கள் பெட்டியில் இவரையே மறந்தால் எப்படி?

ஒரு தகவல் பிழையும் இருக்கிறது. பேட்டிங் சராசரியில் எல்லாக் காலத்துக்கும் முதல் இடம் டை காப் என்று ஓர் அட்டையின் முன்னுரையில் வருகிறது. 2024 மே மாதம் நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் பதிவேட்டில் சேர்த்தபோதே ஜாஷ் கிப்சன் .372 சராசரியோடு காப்பைத் தாண்டிவிட்டார். பெட்டியின் அடியில் பதிப்பு வருஷம் 2025 என்று போட்டுவிட்டு இதைத் திருத்தாமல் விட்டது சோம்பேறித்தனம்.

அச்சும் சுகமில்லை. கேள்விக்கு நேர் கீழே விடையைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். வாசிப்பவருக்கு எதிரே உட்கார்ந்தால் விடை நேராகத் தெரியும். எங்களில் ஒருவர் அந்த நாற்காலிக்காகவே சீக்கிரம் வந்துவிடுகிறார். கட்டை விரலால் மறைத்துக்கொண்டு வாசிக்கப் பழகிவிட்டோம். வெண்மஞ்சள் அட்டையில் பொன்னிற எழுத்து, ரயில் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. மூடியின் ஒரு மூலை பிய்ந்துவிட்டது, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். அட்டை மட்டும் நல்ல கனம். சாம்பார்த் துளி பட்டாலும் துடைத்தால் போய்விடுகிறது.

வாங்கலாமா என்றால், 22 டாலருக்கு வேண்டாம். பேஸ்பால் சீசன் முடிந்தபின் விலை இறங்கும், அப்போது வாங்குங்கள். தனியாக விளையாட லாயக்கில்லை. கதை தெரிந்த ஒரு பெரியவர் மேசையில் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அலுத்துப் போகும். அடுத்த பதிப்பு போட்டால் விடையை அட்டையின் பின்பக்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், கதைக்கு நாலு வரி இடம் கிடைக்கும். இப்போது அங்கே எல்லா அட்டையிலும் ஒரே மட்டைப் படம்தான் இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை.