முகமூடிக் கேமராவா, மேடைக் கேமராவா?

பெயிண்ட்பால், அதாவது சாயக் குண்டுகளால் எதிரணியைச் சுடும் ஆட்டத்தைப் படம்பிடிக்க நினைப்பவர்கள் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்: ஆடுபவரின் முகமூடியில் மாட்டும் கேமராவா, களத்துக்கு வெளியே மேடையில் நிற்கும் கேமராவா?

செலவு: முகமூடியில் மாட்ட ஒரு கோப்ரோ (சின்ன ஆக்‌ஷன் கேமரா) போதும். மேடைக்கு ஜூம் கேமரா, முக்காலி, இயக்க ஓர் ஆள்.

பாதுகாப்பு: வினாடிக்கு 300 அடி வரை வேகத்தில் குண்டு வரும். லென்ஸுக்குக் கவசம் இல்லாமல் முகமூடியில் மாட்டவே கூடாது. மேடைக் கேமரா களத்தைச் சுற்றிய வலைக்கு வெளியே பத்திரம்.

விறுவிறுப்பு: மூச்சிரைப்பு, காற்றடைத்த பங்கரில் (பதுங்கும் தடுப்பில்) குண்டு பட்டுச் சிதறும் சத்தம், கூட்டாளியின் கத்தல் எல்லாம் முகமூடியில்தான் கிடைக்கும். ஆனால் யார் எங்கே பதுங்கியிருக்கிறார், யார் பக்கவாட்டில் சுற்றி வருகிறார் என்பது தெரியாது. ஐவருக்கு ஐவர் மோதும் ஆட்டத்தில் அது தெரியாவிட்டால் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது.

சரி, எதை எடுப்பது? ஒரு நிமிட வீடியோவுக்கு முகமூடி. புதியவர்களுக்கு முழு ஆட்டத்தையும் காட்ட மேடைதான். குண்டு பட்டு வெளியேறியவர் யார் என்பதைத் திரையோரத்தில் அவ்வப்போது போடுங்கள்.