இரண்டாம் கியரில் பத்து ஆண்டுகள்: மலைப்பாதையில் ஒரு பழைய பள்ளி வண்டி

2003ஆம் ஆண்டு மாடல் டாடா 407 பள்ளி வண்டி ஒன்றை 2009 முதல் 2019 வரை வைத்திருந்தேன். காலையில் குஞ்சப்பனைப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அரவேணு வழியாகக் கோத்தகிரிக்கு ஏறுவதும், மாலையில் அதே பாரத்துடன் இறங்குவதும்தான் அதன் அன்றாட வேலை. இழுவை குறைந்த பழைய வண்டியைப் பிள்ளைகளுக்காக மலையில் ஓட்டலாமா என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். பாரத்தையும் நேரத்தையும் எஞ்சினுக்கு ஏற்றபடி குறைத்துக்கொள்ள மனமிருந்தால் ஓட்டலாம் என்பதே என் பதில்.

அந்த வண்டியில் இருந்தது 497 எஞ்சின். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 97 மி.மீ. என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கொள்ளளவு 2,956 சி.சி.; காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ கிடையாது. மேட்டுப்பாளையம் சமவெளியில் இது தாராளமாகப் போதும். ஆனால் 1,800 மீட்டர் உயரத்தை நெருங்கும்போது காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவுக்கு மூச்சும் குறைகிறது. எஞ்சினுக்கு டீசலை அளந்து கொடுக்கும் பம்ப் மட்டும் சமவெளியில் கொடுத்த அதே அளவு டீசலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். எரிய வழியில்லாத டீசல் கரும்புகையாக வெளியேறும். ஏற்றத்தில் மூன்றாம் கியர் தாங்காது, இரண்டாம் கியரில் மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டாது. முதல் சில ஆண்டுகள் இதை வண்டியின் கோளாறு என்றே நினைத்திருந்தேன்.

நான்காம் ஆண்டில் அந்த எண்ணத்துக்கு விலை கொடுத்தேன். கோடை விடுமுறை சர்வீஸின்போது, இழுவை வேண்டுமானால் பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்தால் போதும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள், நானும் ஒப்புக்கொண்டேன். டீசல் அளவை யாரும் மாற்றாமலிருக்கப் பம்ப்பில் வைத்திருந்த ஈய முத்திரையை அறுத்து, அளவுத் திருகைச் சற்றே திருப்பினார்கள். பள்ளி திறந்த முதல் வாரம் வண்டி பறந்தது. இரண்டாம் வாரத்தில் பின்பக்க மஞ்சள் பெயின்ட்டின்மேல் கரி படியத் தொடங்கியது. துணியால் துடைத்தால் துணி முழுதும் எண்ணெய்ப் பிசுக்காகக் கறுத்தது. கடைசி இருக்கைப் பிள்ளைகள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்த அன்றே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஒரு காலை அரவேணுவுக்கு முன்னால் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது, ரேடியேட்டர் கொதித்தது, எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, பிள்ளைகளைச் சாலையோரம் மலைச்சரிவை ஒட்டி வரிசையாக நிற்கவைத்து, மாற்று வண்டி வரும்வரை காத்திருந்த அந்த நேரத்தை நான் மறக்கவில்லை.

ஹெட்டைச் சரிசெய்து, டீசலைத் தூவும் நாசில்களை மாற்றி, பம்ப்பின் டீசல் அளவை முறையாகச் சரிபார்த்துக் கேலிபிரேஷன் செய்து, புது முத்திரை வைத்து வாங்கினேன். அதன்பின் அந்தத் திருகை யாரையும் தொடவிடவில்லை. ஏர் ஃபில்டரைக் குறித்த காலத்துக்கு முன்பே மாற்றுவது, எஞ்சின் வால்வுகளின் டேப்பட் இடைவெளியும் டயர் காற்றும் பார்ப்பது, கிளட்ச் நழுவ விடாமல் வைத்திருப்பது ஆகிய எளிய வேலைகளே இழக்கவிருந்த இழுவையைக் காத்தன. இவற்றைவிடப் பெரிய பலன் கொடுத்தது, ஒரே நடையில் ஏற்றிய பிள்ளைகளை இரண்டு நடையாகப் பிரித்து, முதல் நடையை இருபது நிமிடம் முன்னதாக எடுத்ததுதான். டீசல் செலவு கூடியது. லிட்டருக்கு ஆறு கிலோமீட்டருக்குமேல் மலையில் ஒருநாளும் கிடைக்கவில்லை.

ஏற்றத்தில் இழுக்காத வண்டியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குக் கவலை கொடுத்தது இறக்கம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர்களின் சொல்லை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தேன். சிறிய எஞ்சின் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதிலும் சிறியதுதான்; புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் எங்கள் வண்டியில் இல்லை. டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் விட்டால் அந்தப் பிடியும் போய்விடும். எஞ்சினையே அணைத்துவிட்டால், எஞ்சின் ஓடும்போது உருவாகும் வெற்றிடத்தின் (வாக்குவம்) உதவியால் இயங்கும் பிரேக் இரண்டு மூன்று மிதிக்குள் கல்லாக இறுகிவிடும். வேலைக்கு வந்த ஒவ்வொரு ஓட்டுநருக்கும், நிற்கும் வண்டியில் எஞ்சினை அணைத்து மிதிக்கச் சொல்லி இதைக் காட்டினேன்.

பள்ளி வாகனங்களுக்கென்று 2012இல் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தபின், ஆண்டுதோறும் தரைத்தளம், அவசரக் கதவு, தீயணைப்பான் என்று எல்லாம் பார்க்கப்படுவது மிக நல்ல மாற்றம். ஆனால் ஆய்வுக்காக மைதானத்தில் நிற்கும் வண்டியில் இழுவை தெரியாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள், பிள்ளைகளின் எடைக்குச் சமமாக மணல் மூட்டைகளை ஏற்றி, தாங்கள் ஓடப்போகும் பாதையிலேயே ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

2019இல் டர்போ எஞ்சின் உள்ள வண்டி வாங்கினோம். அதே ஏற்றத்தை மூன்றாம் கியரில் ஏறுகிறது, புகையும் இல்லை. பழைய வண்டியை மலைக்கு விற்க மனம் வரவில்லை. சமவெளியில் ஓட்டுகிற ஒருவருக்கு, பம்ப்பில் ஈய முத்திரை அறுபடாமல் இருப்பதைக் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.