தட்டு நன்று, துண்டுத்தாள் போதாது: வசந்தகாலப் பூவிதைத் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

வசந்தத்தில் பூச்செடிகளை விதையிலிருந்தே வளர்க்க விரும்பும் புதியவர்களுக்காக, வேண்டிய அனைத்தையும் ஒரே அட்டைப்பெட்டியில் அடக்கித் தரும் தொகுப்புகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. அத்தகைய தொகுப்பு ஒன்றை விதைப்பு முதல் பூப்பு வரை பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பெட்டிக்குள் 40 குழிகள் கொண்ட குழித்தட்டு, அதன் அடியில் வைக்கும் நீர்த்தட்டு, ஒளி ஊடுருவும் மூடி, அழுத்திச் செய்த தென்னை நார்க்கழிவு வில்லைகள், செண்டுமல்லி, ஜீனியா, காஸ்மோஸ், பெட்டூனியா, ஸ்வீட் பீ ஆகிய ஐந்து வகை விதைப் பொட்டலங்கள், பெயர் எழுதிச் செருகும் குச்சிகள், செய்முறை அச்சிட்ட ஒரு துண்டுத்தாள் ஆகியவை இருந்தன.

முதலில் தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பெட்டியில் குறையே சொல்ல முடியாத பொருள் அதுதான். நீர் நிறைந்த நிலையில் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாலும் வளையாத அளவுக்குத் தடிமனாக இருக்கிறது. குழிகள் கீழ்நோக்கிக் குறுகிச் செல்வதாலும், அடித்துளை விரல்நுனி நுழையும் அளவுக்கு அகலமாக இருப்பதாலும், நாற்றைத் தண்டைப் பிடித்து இழுக்காமல் அடியிலிருந்து தள்ளி எடுக்க முடிகிறது. அப்படி எடுத்த செண்டுமல்லி நாற்றின் வேர்ப்பந்து, வெண்ணிற வேர்கள் பின்னிய நிலையில் சிறிதும் உதிராமல் கைக்கு வந்தது. நீர்த்தட்டு ஒழுகுவதில்லை என்பதால் மேலிருந்து ஊற்றாமல் அடியிலிருந்தே நீரை உறிஞ்சவிடலாம். மூடியின் மேல் இரண்டு காற்றுத் துளைகள் இருக்கின்றன, அவற்றைத் திருகித் திறந்து ஈரப்பதத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கவும் முடிகிறது.

வில்லைகள் நடுத்தரம். வெதுவெதுப்பான நீரில் போட்டவுடன் உப்பி, குழியைச் சரியாக நிரப்புகின்றன. ஈரத்தையும் நன்றாகப் பிடித்து வைக்கின்றன. ஆனால் நார்க்கழிவில் ஊட்டம் மிகக் குறைவு. விதை தன்னுள் இருக்கும் சேமிப்பைக் கொண்டு முளைத்துவிடும். முளைக்கும்போது வரும் வித்திலைகளுக்கு அடுத்ததாக வரும் முதல் மெய்யிலைகள் விரிந்த பிறகு நீர்த்த திரவ உரத்தை வாரம் ஒருமுறையாவது கொடுக்காவிட்டால் இலைகள் வெளிறத் தொடங்கும். இதைத் துண்டுத்தாள் குறிப்பிடவில்லை. வில்லையைச் சுற்றியுள்ள வலை மண்ணில் மட்கும் என்ற நம்பிக்கையில் அப்படியே நடுபவர்கள் பலர் உண்டு. அது எளிதில் மட்குவதில்லை, வேரையும் இறுக்குகிறது. நடும்போது கத்தரிக்கோலால் வலையை வெட்டி நீக்கிவிடுவதே நல்லது.

இனி விதைகளுக்கு வருகிறேன். ஐந்து வகைகளையும் தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குறையில்லை. செண்டுமல்லி விதை கருமையாக, மெலிந்து நீண்டு, ஒரு முனையில் வைக்கோல் நிறக் குஞ்சத்துடன் சிறு துடைப்பம் போல இருப்பதால், கையுறை இல்லாமலே ஒவ்வொன்றாக எடுத்து வைக்க முடிகிறது. ஏறக்குறைய எல்லாமே முளைத்தன. ஜீனியாவும் காஸ்மோஸும் அதே போல ஒரு வாரத்துக்குள் எழுந்தன. சிக்கல் என்னவென்றால், அடிப்படையிலேயே வேறுபட்ட தேவைகள் கொண்ட விதைகளை ஒரே தட்டில், ஒரே மூடியின் கீழ், ஒரே நாளில் விதைக்கச் சொல்கிறது துண்டுத்தாள். அதன்படி எல்லா விதைகளுக்கும் ஆழம் ஒரு சென்டிமீட்டர், எல்லாவற்றுக்கும் தினமும் தண்ணீர், நாற்று தொடும் வரை மூடி.

பெட்டூனியா விதை தூசிக்கு நிகரானது; ஒரு கிராமில் பல ஆயிரம் விதைகள் இருக்கும். அது முளைக்க வெளிச்சம் வேண்டும், ஆகவே மேற்பரப்பில் தூவி மெல்ல அழுத்தினால் போதும், மூடவே கூடாது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கப்பட்ட பெட்டூனியா வெளியே வரவே வராது. பொட்டலத்தைக் குறை சொல்லிக்கொண்டு புதியவர் தோட்டத்தை விட்டு விலகுவதற்கு இந்த ஒரு வரியே போதும். இத்தகைய விதையைக் களிமண் பூச்சிட்ட உருண்டைகளாக விற்கும் வழக்கம் இருக்கிறது, அப்படித் தந்திருந்தால் கையாள்வதாவது எளிதாக இருந்திருக்கும். ஸ்வீட் பீயோ இதற்கு நேர்மாறு: பருத்த, கடினமான தோலுள்ள விதை. தோலை லேசாகக் கீறியோ, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்தோ, ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைப்பது வழக்கம். அதற்குக் குளிர்ச்சி பிடிக்கும். 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் போதுமானது. பெட்டூனியாவுக்கு 21 முதல் 24 டிகிரி வேண்டும். ஒரே மூடியின் கீழ் இரண்டையும் திருப்திப்படுத்த எவராலும் இயலாது. ஸ்வீட் பீயின் வேர் ஆழமாக இறங்குவது என்பதால் இந்தத் தட்டின் குட்டையான குழியும் அதற்குப் பொருந்தவில்லை.

காலக்கணக்கு அதைவிடப் பெரிய பிழை. குளிர்நாடுகளில் கடைசி உறைபனி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணியே வீட்டுக்குள் விதைப்பார்கள். பெட்டூனியாவுக்கு 10 முதல் 12 வாரங்கள் தேவைப்படும்போது, ஜீனியாவுக்கு நான்கு வாரங்களே அதிகம். உண்மையில் மண் வெதுவெதுப்பான பிறகு நேரடியாக நிலத்தில் விதைத்தாலே ஜீனியா செழித்து வளரும், ஏனெனில் வேர் அசைவதை அது விரும்புவதில்லை. இரண்டையும் ஒரே நாளில் விதைத்தால், ஜீனியா வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீண்டு சாயும், அல்லது பெட்டூனியா பருவம் பாதி கடந்த பிறகே பூக்கும். ஜீனியா மூடியை முட்டிக்கொண்டு நிற்கும் வேளையில் பெட்டூனியா கண்ணுக்கே தெரியாத பச்சைப் புள்ளிகளாக இருப்பதையும், ஒன்றுக்காக மூடியை எடுத்தால் மற்றொன்று காய்ந்துவிடுவதையும் இந்தத் தட்டில் நேரடியாகவே பார்க்கலாம்.

மூடியைப் பற்றிய அறிவுரை அபாயகரமானது என்றே சொல்வேன். பெரும்பாலான விதைகள் முளை காட்டியவுடன் மூடியை அகற்றிக் காற்றோட்டம் தர வேண்டும். தினமும் மேலிருந்து நீர் ஊற்றி, மூடியையும் வைத்திருந்தால், பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நுண்ணுயிரிகள் பெருகி நாற்றழுகல் நோய் வரும்; மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று மறுநாள் காலையில் மண்ணோடு ஒட்டும் இடத்தில் நூலாக இளைத்துப் படுத்துவிடும், படுத்ததை மீட்க வழியில்லை. மேற்பரப்பு சற்று உலர்ந்த பிறகே அடித்தட்டில் நீர் விட்டு, அரைமணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுவது பாதுகாப்பான முறை. வெளிச்சம் குறித்தும் தாளில் ஒன்றுமில்லை. சன்னலோரம் மட்டும் போதாத வீடுகளில், நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் விளக்கொளி தேவைப்படும்.

நாற்றுகளை ஒரு வாரம், பத்து நாள் வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் படிப்படியாகப் பழக்கிய பிறகே நட வேண்டும் என்பதும் விடுபட்டிருக்கிறது.

பொட்டலங்களிலும் விவரம் போதவில்லை. "கலப்பு நிறங்கள்" என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். எஃப் 1 கலப்பினமா (இரு வேறு தாய்வழிகளை இணைத்துப் பெற்ற முதல் தலைமுறை), சாதாரண ரகமா என்று தெரியவில்லை. பூக்களிலிருந்து விதை எடுத்து அடுத்த ஆண்டு விதைக்க நினைப்பவருக்கு இது முக்கியமான செய்தி, ஏனெனில் எஃப் 1 செடியின் விதை தாயைப் போலவே பூக்கும் என்ற உறுதி இல்லை. பொட்டலமிட்ட தேதியும் இல்லை. காஸ்மோஸ் பொட்டலத்தில் மட்டும், அதிக உரமிட்டால் இலைதான் மிகும், பூ குறையும் என்று ஒரு வரி இருந்தது. மற்ற நான்கிலும் அப்படி ஒரு வரியாவது எழுதத் தெரிந்தவர் அந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்றுதானே பொருள்?

ஏற்கெனவே இதை வாங்கியவர்கள் துண்டுத்தாளை ஒதுக்கிவிட்டு, தட்டின் ஒரு பாதியில் முதலில் பெட்டூனியாவை மட்டும் மேற்பரப்பில் தூவி வளர்க்கலாம். அவை சிறு தொட்டிகளுக்கு மாறிய பிறகு செண்டுமல்லியும் காஸ்மோஸும் அதே குழிகளுக்கு வரட்டும். ஸ்வீட் பீயை உயரமான காகிதக் குழாய்களிலும் ஜீனியாவை நேரடியாகப் பாத்தியிலும் விதைத்துவிடலாம். இன்னும் வாங்காதவர்களுக்கு, இந்தத் தரத்தில் ஒரு தட்டையும் மூடியையும் மட்டும் வாங்கிக்கொண்டு, விதைப்பு விவரம் தெளிவாக அச்சிட்ட பொட்டலங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதையே பரிந்துரைப்பேன். தட்டையும் மூடியையும் தனியாகத் தருவீர்களா என்று அந்த நிறுவனத்திடம் கேட்டதற்கு, தொகுப்பாக மட்டுமே விற்கிறோம் என்று பதில் வந்தது.